அந்த கேலக்ஸிகளில் வாயு தீரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கேலக்ஸிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி, ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியாவது வானத்துக்குக் கொடுத்தீர்களே. ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவே பெட்டிச் செய்தியில் ஒரு வரி இருந்தது: "நீள்வட்ட கேலக்ஸிகள் வாயு தீர்ந்துபோய்ச் செத்துப்போனவை." எனக்கு அந்த வரியோடுதான் சண்டை. செத்துப்போனவை என்பதையாவது விட்டுவிடலாம். அங்கே புதிதாக நட்சத்திரம் பிறப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது, அதைச் சாவு என்று ஒருவர் சொன்னால் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். வாயு தீர்ந்துபோய் என்பது தப்பு. பெரிய நீள்வட்ட கேலக்ஸிகளில், அதாவது சுழல் கைகள் இல்லாமல் முட்டை மாதிரி இருக்கிற நட்சத்திரக் கூட்டங்களில், வாயு இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது, கோடி டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் இருப்பதால்தான் அது சாதாரணத் தொலைநோக்கியில் தெரிவதில்லை, எக்ஸ்ரேயில் மட்டும் தெரிகிறது.

இதைச் சொல்ல இவன் யார் என்று தோன்றலாம். விஞ்ஞானி இல்லை. ஒரு ஸ்கேன் சென்டரில் 27 வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் இணைப்பை நான் படித்ததும் எங்கள் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துதான், பேஷன்ட் வருவதற்கு நடுவில். பெட்டிச் செய்திக்குப் பக்கத்தில் எம்87 கேலக்ஸியின் ஊதா நிறப் படம் ஒன்று, அதன் கீழே "எக்ஸ்ரே பாய்ச்சி எடுக்கப்பட்ட படம்" என்று போட்டிருந்தது. அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது.

யார் சார் பாய்ச்சினார்கள்? எம்87 இருப்பது சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில். இங்கிருந்து பாய்ச்சினால் போய்ச் சேரவே 5.4 கோடி வருஷம். எங்கள் அறையில் நடப்பது வேறு. எக்ஸ்ரே விடுகிற டியூப் ஒரு பக்கம், ஃபிலிம் வைத்த கேசட் மறு பக்கம், நடுவில் ஆள். எலும்பு மறைக்கிற இடத்தில் நிழல் விழுகிறது, அந்த நிழல்தான் படம். வானத்தில் அப்படி இல்லை. அங்கே பேஷன்டே டியூப். அந்த வாயு தானாக எக்ஸ்ரே விடுகிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம். போன மாதம் மூட்டு வலிக்குப் படம் எடுக்க வந்த ஒரு பாட்டி, "என்ன தம்பி, வெளிச்சமே தெரியலையே, அதுக்குள்ள படம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். இந்த விஷயத்துக்கு அந்தப் பாட்டியின் கேள்விதான் சரியான வாசல். வெளிச்சம் வந்தது பாட்டி, உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அது பிடிபடாது.

நடுவில் சொற்களைப் பற்றி ஒரு சின்னக் குறை. அதே ஒரு பக்கத்தில் இதை ஓரிடத்தில் அண்டம் என்றும், இன்னோரிடத்தில் விண்மீன் மண்டலம் என்றும், கடைசியில் பேரடை என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. நான் இந்தக் கடிதம் முழுக்க கேலக்ஸி என்றே எழுதுகிறேன், நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஈர்ப்பில் கட்டுண்டு கூட்டமாக இருப்பதைக் கொத்து என்கிறேன். வாயு என்றதும் நம் ஊரில் வயிற்றைத் தடவுவார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அந்த வாயு எங்கிருந்து வந்தது? நட்சத்திரம் வயதாகும்போது தன் மேல்தோலை உதிர்க்கும். சிவப்பு ராட்சதன் ஆகும்போது காற்றாக ஊதித் தள்ளும், கடைசியில் மிச்சத்தையும் போர்வை போல விட்டுவிடும். ஒரு பெரிய நீள்வட்ட கேலக்ஸியில் இருக்கிற பழைய நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சூரியன் எடையை இப்படி உதிர்க்கின்றன. ஆயிரம் கோடி வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஆயிரம் கோடி சூரியன். இவ்வளவு சரக்கு எங்கே போயிற்று என்று 1970களில் வானியல்காரர்கள் தேடினார்கள். குளிர்ந்த வாயுவுக்காக ரேடியோ தொலைநோக்கியில் பார்த்தார்கள், அவ்வளவாக அகப்படவில்லை. அதனால், சூப்பர்நோவா வெடிப்புகள் ஊதுகிற ஊதலில் எல்லாம் வெளியே அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று ஒரு விளக்கம் 1971இல் வந்தது, அந்த நாளைக்கு நியாயமான விளக்கம்தான். உங்கள் கட்டுரையாளரின் அந்த வரி அந்தக் காலத்துப் புத்தகத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் வேறு பக்கத்தில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. 1960களின் நடுவில் ராக்கெட்டில் கருவியை ஏற்றி, சில நிமிஷமே கிடைக்கிற பார்வையில், எம்87 இருக்கும் திசையிலிருந்து எக்ஸ்ரே வருவதை அமெரிக்கர்கள் பார்த்துவிட்டார்கள். 1970 டிசம்பரில் கென்யா கடற்கரையை ஒட்டிய ஒரு மேடையிலிருந்து உஹுரு என்ற செயற்கைக்கோள் ஏறியது. சுவாஹிலியில் சுதந்திரம் என்று அர்த்தம், கென்யாவின் சுதந்திர தினத்தன்று ஏறியதால் அந்தப் பெயர். கன்னி, கோமா, பெர்சியஸ் கொத்துகளிலிருந்து வருகிற எக்ஸ்ரே ஒரு புள்ளியிலிருந்து வராமல் கொத்து முழுக்கப் பரவிக் கிடக்கிற இடத்திலிருந்து வருகிறது என்று உஹுரு காட்டியது. அதாவது கேலக்ஸிகளுக்கு நடுவில் இருக்கிற காலி இடம் காலி இல்லை. 1978 நவம்பரில் ஐன்ஸ்டைன் ஆய்வகம் என்ற செயற்கைக்கோள் போனது, அது ஒழுங்காகப் படமே எடுக்கக்கூடியது. அதற்கு அப்புறம்தான் தனித்தனி நீள்வட்ட கேலக்ஸிகளைச் சுற்றியும் வாயு ஒளிவட்டம் போல இருப்பது தெரிந்தது. 1985இல் வந்த ஒரு கட்டுரை ஐம்பதுக்கு மேற்பட்ட கேலக்ஸிகளை வரிசையாக வைத்துக் காட்டியது, பெரியவற்றில் வாயு 100 கோடி சூரியன் எடையிலிருந்து 1,000 கோடி வரை. காணாமல் போன சரக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஏன் அவ்வளவு சூடு? அந்த கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் நம் பால்வெளியில் சுற்றுகிற மாதிரி ஒரே தட்டில் ஒழுங்காகச் சுற்றுவதில்லை, தேனீக் கூட்டம் போல எல்லாத் திசையிலும் நொடிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அப்படிப் பறக்கிற நட்சத்திரம் உதிர்த்த வாயு, எதிரே வருகிற இன்னொன்று உதிர்த்த வாயுவில் மோதுகிறது. அந்த மோதல் சூட்டிலேயே பல லட்சம் டிகிரி வந்துவிடும், மிச்சத்தை சூப்பர்நோவாவும் ஈர்ப்பும் சேர்த்துக் கோடிக்குக் கொண்டுபோகின்றன.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடி டிகிரி என்றதும் எல்லோரும் பொசுங்கிப்போவதாக நினைக்கிறார்கள். அந்த வாயு அநியாயத்துக்கு மெல்லியது. இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட் பிடிக்கிற இடத்தில் கேலக்ஸியின் வெளிப்பக்கம் ஒரே ஒரு துகள் இருக்கும், நடுவில் நெருக்கமான இடத்தில் நூறு இருக்கும். எங்கள் எக்ஸ்ரே டியூபுக்குள் இருப்பதை வெற்றிடம் என்றுதான் சொல்கிறோம், அந்த வெற்றிடத்திலேயே ஒரு கன சென்டிமீட்டருக்குக் கோடிக்கணக்கில் அணுக்கள் மிச்சம் இருக்கும். வெப்பம் என்பது அங்கே ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதன் கணக்கு, அவ்வளவுதான். கையை நீட்டினால் சுடாது. (கையை நீட்டினால் வேறு காரணங்களுக்காகச் செத்துப்போவீர்கள்.)

அது எக்ஸ்ரே விடுகிற விதம் எனக்குப் பழக்கமானது. டியூபில் எலக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறோம், அவை அணுக்கருவின் பக்கம் போகும்போது வளைந்து வேகம் குறைகின்றன, இழந்த வேகம் எக்ஸ்ரேயாக வெளியே வருகிறது. சூடான வாயுவிலும் எலக்ட்ரான், தன் எலக்ட்ரானை இழந்த அணுவான அயனிக்குப் பக்கத்தில் ஓடி வளையும்போது நடப்பது இதேதான். தகடு இல்லை, மின்னழுத்தத்தைக் கூட்டுகிற கே.வி. குமிழ் இல்லை, வெப்பமே அந்த வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. இதற்கு மேல் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் வேறு வரும், ஆக்சிஜன், சிலிக்கன், இரும்பு என்று, கைரேகை மாதிரி. ஒரு கோடி டிகிரி வாயுவில் இரும்பின் கோடுகள் கொத்தாக ஒரே இடத்தில் வந்து பளிச்சென்று நிற்கும், நீள்வட்ட கேலக்ஸியின் எக்ஸ்ரேயில் பெரிய பங்கு அந்தக் கோடுகளிலிருந்தே வருகிறது. 1976இல் பெர்சியஸ் கொத்தின் வாயுவில் இரும்பின் கோடு கிடைத்தது. இரும்பு நட்சத்திரத்துக்குள்ளும் வெடிப்பிலும் மட்டுமே சமைகிற பொருள். ஆதியிலிருந்து சும்மா கிடந்த வாயுவில் இரும்பு இருக்க முடியாது. ஆக, கொத்தின் பொது வாயுவில் கேலக்ஸிகள் தங்கள் பங்குக்குப் போட்ட காசும் இருக்கிறது. பெரிய கொத்துகளில் இந்தப் பொது வாயுவின் எடை அங்கே இருக்கிற அத்தனை நட்சத்திரங்களின் எடையைப் போலப் பல மடங்கு. கொத்து என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பெரிய வாயுக் குளம், கேலக்ஸிகள் அதில் மிதக்கிற பருப்புகள்.

இந்த எக்ஸ்ரே ஏன் தரைக்கு வருவதில்லை என்பதையும் தொழில் பாஷையில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுப் படத்துக்கு நான் வைக்கிற கே.வி.யோடு ஒப்பிட்டால் அந்த வாயு விடுகிற எக்ஸ்ரே ரொம்ப மென்மையானது, எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கிற கணக்கில் பெரும்பாலும் ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம். அதில் பாதியை நிறுத்த ஈய ஏப்ரன் வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் காற்று போதும். நம் தலைக்கு மேல் எத்தனை கிலோமீட்டர் காற்று இருக்கிறது! மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்கு எம்87 சென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும், உத்திர நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே. நகர வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சவ்வாது மலையில் ஒரு நண்பரின் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் அதையும் பக்கத்து கேலக்ஸிகளான எம்86, எம்84 இரண்டையும் பார்த்திருக்கிறேன், கண்ணாடியில் ஊதின மூச்சு மாதிரி மூன்று மங்கல் தீற்றல். அந்தத் தீற்றல் நட்சத்திர வெளிச்சம். வாயுவின் வெளிச்சம் ஒரு துளிகூடக் கீழே வராது, மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

மேலே போய்ப் பிடிப்பது எது என்பதுதான் அடுத்த குறை. படத்துக்கு "நன்றி: நாசா" என்று போட்டீர்கள், எடுத்த தொலைநோக்கியின் பெயரைப் போடவில்லை. அதன் பெயர் சந்திரா. எஸ். சந்திரசேகரின் பெயர்தான் அது. லாகூரில் 1910இல் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் அப்புறம் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். நான் தினம் வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பள்ளியின் சிவப்புச் சுவரைத் தாண்டித்தான் போகிறேன், அதனால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்த வீட்டு ரோஷம், மன்னிக்கவும். ஊர்ப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை, வேறு ஒரு பொருத்தமும் உண்டு. வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம், சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்று கணக்குப் போட்டவர் அவர். வெள்ளைக் குள்ளன்கள் வெடிக்கிற அந்த வகை சூப்பர்நோவாதான் நீள்வட்ட கேலக்ஸியின் வாயுவுக்குள் இரும்பைக் கொட்டுகிறது. அவர் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அந்த இரும்பைப் பார்க்கிறது.

1999 ஜூலையில் கொலம்பியா விண்கலத்தில் சந்திரா போனது. நான் அப்போது டார்க் ரூமில் ஃபிலிமை டெவலப்பரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்த காலம், செய்தியை ரேடியோவில் கேட்டது நினைவிருக்கிறது. அது நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது, எட்டத்தில் போகும்போது நிலாவுக்கு மூன்றில் ஒரு பங்கு தூரம். எக்ஸ்ரேயை நேராகக் கண்ணாடியில் அடித்தால் அது பிரதிபலிக்காது, உள்ளே போய்விடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்திப் போகிற மாதிரி, உரசினாற்போல வந்தால்தான் திரும்பும். அதற்காகக் குழாய்போன்ற நான்கு ஜோடிக் கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் நெஞ்சுப் படத்துக்குக் கொடுக்கிற எக்ஸ்போஷர் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெர்சியஸ் கொத்துக்கு சந்திரா பல தவணைகளில் கொடுத்தது 14 லட்சம் நொடி, அதாவது பதினாறு நாள். வருகிற ஒவ்வொரு ஒளித்துகளையும், அதாவது ஃபோட்டானையும், எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றல் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளும். ஊதா நிறம் எல்லாம் நாம் அப்புறம் போட்டுக்கொள்வது. உங்கள் படத்தில் ஊதா எந்த ஆற்றலைக் குறிக்கிறது என்று ஒரு வரி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. இடம் போதாவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை மட்டும் வெட்டாதீர்கள்.

தனியாக இருக்கிற கேலக்ஸி தன் வாயுவைத் தானே வைத்துக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. கொத்துக்குள் இருக்கிற கேலக்ஸிக்கு அப்படி முடியாது, ஏனென்றால் அது அந்தப் பொது வாயுவுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. டூ வீலரில் போகும்போது எதிர்க்காற்று சட்டையைப் பின்னால் பிடித்து இழுக்கும் பாருங்கள், அதே கதை. 1972இலேயே இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள், கண்ணால் பார்க்க எக்ஸ்ரே தொலைநோக்கி வர வேண்டியிருந்தது. எம்87 இருக்கிற அதே கன்னிக் கொத்தின் எம்86ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிக் கொத்து மொத்தமும் நம்மை விட்டு விலகிப் போகிறது, எம்86ஓ நம்மை நோக்கி நொடிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படியென்றால் கொத்துக்குள் அதன் ஓட்டம் நொடிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஐன்ஸ்டைன் ஆய்வகம் எடுத்த படத்திலேயே எம்86இன் வாயு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. சந்திரா எடுத்தபோது அந்த வால் பார்வைக்கே ஐந்து லட்சம் ஒளியாண்டு நீளம், சாய்வைக் கணக்கில் எடுத்தால் உண்மை நீளம் இன்னும் அதிகம். இதில் இன்னொரு சிக்கல், பக்கத்தில் இருக்கிற என்ஜிசி 4438 என்ற கேலக்ஸிக்கும் எம்86க்கும் நடுவில் நூல் நூலாக வாயு இருப்பதை 2008இல் கண்டார்கள். ஆக, எம்86 வாயுவை இழந்தது காற்றடித்தா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு மோதியா என்று வழக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் அபிப்பிராயம்.

ஃபோர்னாக்ஸ் கொத்தில் என்ஜிசி 1404 என்று ஒன்று இருக்கிறது. ஃபோர்னாக்ஸ் என்றால் உலை, பெயர் வைத்த காலத்தில் எக்ஸ்ரேயைப் பற்றி யாருக்கும் தெரியாது, இருந்தும் பொருந்திவிட்டது. இந்த 1404, கொத்தின் நடுநாயகமான என்ஜிசி 1399ஐ நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. அதன் எக்ஸ்ரே படத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது: முன்பக்கம் கத்தியால் சீவினது மாதிரி ஒரு கூர்மையான விளிம்பு, பின்பக்கம் கலைந்த முடி மாதிரி வால். விளிம்புக்கு உள்ளே 70 லட்சம் டிகிரி, வெளியே ஒன்றரைக் கோடிக்கு மேல். எங்கள் தொழிலில் இவ்வளவு துல்லியமான விளிம்பு எலும்புக்குத்தான் கிடைக்கும். இரண்டு வாயுக்கள் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் கிடைப்பதை நம்பவே கஷ்டமாக இருந்தது. இரண்டும் ஏன் கலக்கவில்லை?

அதே கேள்வி கோமா கொத்தில் இன்னும் பெரிதாக வருகிறது. 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற கொத்து, அதன் பொது வாயு 9 கோடி டிகிரி. நடுவில் இரண்டு பிரம்மாண்டமான நீள்வட்ட கேலக்ஸிகள், என்ஜிசி 4874, என்ஜிசி 4889. அவ்வளவு சூட்டுக்கு நடுவில் இவற்றின் சொந்த வாயு ஆவியாகிப் போயிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2001இல் சந்திராவின் படத்தை உன்னித்துப் பார்த்தவர்கள், இரண்டின் நடுவிலும் பத்தாயிரம் ஒளியாண்டு ஆரத்துக்குள் சின்ன உருண்டையாக 1 முதல் 2 கோடி டிகிரி வாயு அப்படியே இருப்பதைக் கண்டார்கள். கொதிக்கிற குழம்புக்குள் வெண்ணெய் உருண்டை கரையாமல் கிடக்கிறது! சூடு உள்ளே ஏறுவதை ஏதோ தடுக்கிறது, சாதாரணமாக ஏற வேண்டியதில் முப்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்குதான் ஏறுகிறது. காந்தப்புலம் எலக்ட்ரான்களைக் குறுக்கே ஓடவிடாமல் கட்டிப்போடுகிறது என்பதுதான் விளக்கம். இது அந்த இரண்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமும் இல்லை. 2007இல் இப்படிப்பட்ட 25 சூடான கொத்துகளை அலசினார்கள், பிரகாசமான பெரிய கேலக்ஸிகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு சின்ன உருண்டையைப் பத்திரமாக வைத்திருந்தன. "வாயு தீர்ந்துபோய்" என்று எழுதியவர் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லா நீள்வட்ட கேலக்ஸியும் இப்படிப் பணக்காரன் இல்லை. கண்ணுக்கு ஒரே அளவு பிரகாசமாகத் தெரிகிற இரண்டை எடுத்தால், எக்ஸ்ரேயில் ஒன்று மற்றொன்றைவிட நூறு மடங்குகூட மின்னும். ஒன்று கொத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும், மற்றது ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு எடை அதிகம், மற்றதால் வாயுவைப் பிடித்துவைக்க முடியவில்லை. இன்னும் காரணம் தேடிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மங்கலானவற்றில் வருகிற எக்ஸ்ரே பெரும்பாலும் வாயுவிலிருந்தே வருவதில்லை. நியூட்ரான் நட்சத்திரமோ கருந்துளையோ பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சும் ஜோடிகளிலிருந்து வருகிறது. 2000இல் என்ஜிசி 4697ஐ சந்திரா பார்த்தபோது அந்த மங்கல் வெளிச்சம் அம்மைத் தழும்பு மாதிரி தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்துவிட்டது. அப்படிப்பட்ட கேலக்ஸிகளை வாயு குறைந்தவை என்று எழுதுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அடுத்து வாசகர் கேட்பது: வாயு அவ்வளவு இருந்தால் ஏன் நட்சத்திரம் பிறக்கவில்லை? இவ்வளவு எக்ஸ்ரே விட்டால் சூடு ஆற வேண்டும், ஆறினால் நடுவில் வந்து குவிய வேண்டும், பெர்சியஸ் மாதிரிக் கொத்துகளில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன் எடை குவிய வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. போய்ப் பார்த்தால் அவ்வளவு இல்லை. யாரோ அடுப்பை எரியவிட்டிருக்கிறார்கள். அந்த யாரோ நடுவில் இருக்கிற கருந்துளை. 2019 ஏப்ரல் 10ஆம் தேதி உலகம் முழுக்கப் போட்டார்களே ஒரு ஆரஞ்சு வளையம், உங்கள் முதல் பக்கத்திலும் வந்தது, அது எம்87இன் கருந்துளைதான், 650 கோடி சூரியன் எடை. அதிலிருந்து பாய்கிற தாரை சுற்றியுள்ள வாயுவில் குமிழி குமிழியாக ஊதித் தள்ளுகிறது. வாயு ஆறினால் கருந்துளைக்குத் தீனி கிடைக்கும், தீனி கிடைத்தால் தாரை ஊதும், ஊதினால் வாயு சூடாகும், சூடானால் தீனி நிற்கும்; மேல்தொட்டியில் மிதவை வால்வு வேலை செய்கிற மாதிரி. பெர்சியஸில் இந்த ஊதல் ஒலி அலையாகவே வாயுவில் பரவுவதை 2003இல் சந்திரா காட்டியது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு கோடி வருஷம். 2022இல் "கருந்துளையின் சத்தம்" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றியது இதைத்தான் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு ஆக்டேவ் மேலே ஏற்றிப் போட்டது. கேட்டுவிட்டு என் மனைவி, "மிக்ஸி ரிப்பேர் ஆன மாதிரி இருக்கு" என்றாள்.

இன்னொரு பலன், சுருக்கமாக. கோடி டிகிரி வாயு சும்மா இருக்காது, ஓடத்தான் பார்க்கும். அதைப் பிடித்துவைக்க எவ்வளவு ஈர்ப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டால் அந்த கேலக்ஸியின் மொத்த எடை கிடைக்கும். 1980இல் எம்87க்கு இப்படிப் போட்டார்கள், நட்சத்திரங்களை மட்டும் எண்ணினால் எட்டவே எட்டாத எடை வந்தது. இருண்ட பொருள் என்று உங்கள் கட்டுரையில் மர்மமாக எழுதியிருந்தீர்களே, அதற்கு வாயு ஒரு நல்ல தராசு.

கடைசியாக ஒரு செய்தி, உங்கள் அடுத்த இணைப்புக்கு உதவலாம். 2016இல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள் பெர்சியஸ் வாயுவின் வேகத்தை நேராக அளந்தது, நொடிக்கு 164 கிலோமீட்டர், எதிர்பார்த்ததைவிட அமைதி. ஏறிய ஐந்தாறு வாரத்திலேயே அது உடைந்துபோனது. அதன் வாரிசாக 2023 செப்டம்பரில் எக்ஸ்ரிசம் போயிருக்கிறது. அதன் முக்கியக் கருவிக்கு முன்னால் ஒரு கதவு, பெரிலியம் ஜன்னல் வைத்தது. மேமோகிராம் டியூபிலும் நாங்கள் பார்க்கிற அதே பெரிலியம்தான். மேலே போனதும் திறக்க வேண்டிய அந்தக் கதவு திறக்கவில்லை. கொத்துகளின் கடுமையான எக்ஸ்ரே ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறது, வேலை நன்றாகவே நடக்கிறது. நான் இவ்வளவு நேரம் எழுதிய நீள்வட்ட கேலக்ஸிகளின் ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் வெளிச்சம்தான் அந்தக் கதவில் முட்டிக்கொண்டு வெளியே நிற்கிறது.

திருத்தம் போடுவதானால் இரண்டே இடம். பெட்டிச் செய்தியில் "வாயு தீர்ந்துபோய்" என்பதை எடுத்துவிடுங்கள். படத்தின் கீழே "பாய்ச்சி" என்ற சொல்லை எடுத்துவிட்டு சந்திரா என்ற பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன்,
திருவல்லிக்கேணி, சென்னை.